உதவி கேக்க கூச்சப்படுற காலேஜ் பிள்ளைகளைக் கேக்க வைக்கிறது எப்படி: மதுரைப் பக்கத்து டியூட்டர் ஒருத்தனோட முழு வழிகாட்டி

போன செமஸ்டர்ல ஒரு பையன், பேரையூர் பக்கத்துல இருந்து வர்றவன், மூணு இன்டர்னல்லயும் பத்தைத் தாண்டல. கூப்பிட்டு உக்கார வச்சு என்னப்பா புரியலையான்னு கேட்டேன், புரியுது சார்ன்னான். புரிஞ்சா ஏன்டா மார்க் வரலைன்னேன். "அடுத்த தடவ எடுத்துருவேன் சார்." இந்த எடுத்துருவேன் சார் இருக்கே, பன்னெண்டு வருஷமா கிளாஸ் டியூட்டரா இருக்கேன், பிள்ளைக வாயில இருந்து வர்றதுலயே என்னைய ரொம்ப பயமுறுத்துற வார்த்தை அதுதான். படிக்கப் பிடிக்கலைன்னு சொல்றவனைக் கூட சமாளிச்சிரலாம்.

ஏன்னா நானும் அதைச் சொன்னவன். உசிலம்பட்டி பக்கத்து ஊர்ல இருந்து வந்து ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சேன், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் மூணு தடவ அரியர் விழுந்துச்சு. பக்கத்து ரூம்லயே கணக்குல புலியா ஒரு சீனியர் அண்ணே இருந்தாரு, தங்கமான மனுசன், போய்க் கேட்டா டீயும் வாங்கிக் குடுத்து சொல்லித் தந்திருப்பாரு. அவரு என்ன நினைப்பாருங்கிற பயமெல்லாம் எனக்கு துளியும் கிடையாது. அவரு கதவைத் தட்டிட்டா அப்புறம் என் மூஞ்சிய நானே எப்படி கண்ணாடியில பாக்குறதுன்னு இருந்துச்சு பாருங்க, அதான் மூணு செமஸ்டரைத் தின்னுச்சு. இதுக்கு சுயகளங்கம்னு புஸ்தகத்துல ஒரு பேரு போட்டிருக்காங்க. நம்ம பாஷையில சொன்னா தன்னைத் தானே கேவலமா நினைச்சுக்கிறது.

இந்த வழிகாட்டி டியூட்டர், வார்டன், சீனியர், ரூம்மேட், வீட்டுல இருக்குற அண்ணன் அக்கா எல்லாருக்கும். அந்தப் பிள்ளையே படிச்சாலும் சரிதான்.

முதல்ல: கூச்சம் எங்க உக்காந்திருக்குன்னு பாருங்க

நம்ம பக்கம் செய்முறை, அதான் மொய், தெரியும்ல. காதுகுத்து, கல்யாணம், மொய் வாங்குறதுக்குன்னே நடத்துற வசந்த விழான்னு வச்சா பந்தல்ல மைக்கைப் போட்டு தாய்மாமன் இன்னாரு இவ்வளவுன்னு ஊருக்கே கேக்குற மாதிரி அறிவிப்பாங்க, நோட்டுல எழுதுவாங்க, வாங்குறவரு வெள்ளை வேட்டி கட்டி சிரிச்சுக்கிட்டே நிப்பாரு. லட்சக்கணக்குல அடுத்தவங்க காசை வாங்குறாரு, ஒரு கூச்சமும் இல்ல. அதே மனுசன் ஒரு ஐயாயிரம் கைமாத்து கேக்கணும்னா ரெண்டு நாள் தூங்கமாட்டாரு. என்ன வித்தியாசம்? செய்முறையில யாரும் வாயைத் திறந்து குடுன்னு கேக்குறதில்ல, பத்திரிக்கை வைக்கிறாங்க, அம்புட்டுதான். கேக்குறதுக்குன்னு ஒரு முறை ஏற்கனவே இருக்கு, அதனால கேக்குறவனுக்கு மானம் போறதில்ல, அதுவும் போக திருப்பிச் செய்யவும் வழி இருக்கு.

காலேஜ்லயும் இதையே பாக்கலாம். புதுமைப் பெண் திட்டத்துல 2022ல இருந்து பொண்ணுகளுக்கும், தமிழ்ப் புதல்வன்ல 2024ல இருந்து பசங்களுக்கும் மாசம் 1000 ரூபா அக்கவுண்டுக்கு வருது. அதுக்காக தலைகுனிஞ்சவன் ஒருத்தனையும் நான் பாத்ததில்ல, வந்துருச்சான்னு சத்தமாவே கேட்டுக்கிறாங்க. அதே பையனுக்கு மெஸ் பில்லு கட்ட அவகாசம் கேக்க மூணு வாரம் ஆகும். ஆக வெக்கம் உதவியை வாங்குறதுல இல்ல, வாயைத் திறக்குற அந்த ஒரு நிமிஷத்துலதான் மொத்தமும் உக்காந்திருக்கு. நான் கீழ சொல்றது எல்லாமே அந்த ஒரு நிமிஷத்தைச் சின்னதாக்குற வேலைதான். தைரியமா இரு, கூச்சப்படாதன்னு மேடையில நின்னு பேசுறதால அது சின்னதாகாது, நான் பேசிப் பாத்துட்டேன்.

இது உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு பாட்ரிக் காரிகன்னு ஒரு அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர் படிப்படியா சொல்லிருக்காரு. ஊரு இப்படிச் சொல்லுதுன்னு தெரியுறது முதல் படி, ஊரு சொல்றது சரிதான்னு ஒத்துக்கிறது ரெண்டாவது, அப்ப நானும் அந்தக் கேஸ்தான்னு தன் மேல போட்டுக்கிறது மூணாவது, அதுல நொறுங்கிப் போய் இனி முயற்சி பண்ணி என்னத்துக்குன்னு விட்டுர்றது நாலாவது. முதல் படியை நம்மால மாத்த முடியாது, ஒண்ணாங்கிளாஸ்லயே ஏற்பது இகழ்ச்சின்னு சொல்லிக் குடுத்துத்தான் அனுப்புறோம். ஆனா ரெண்டுல இருந்து மூணுக்கு ஏறுறதைத் தடுக்கலாம். டேவிட் வோகல்னு ஒருத்தர் கூட சிலரோட சேர்ந்து 2006ல பத்தே கேள்வி வச்சு இதை அளக்குற அளவுகோல் ஒண்ணு உண்டாக்குனாரு, உதவிக்குப் போனா என்னைப் பத்தின என் மதிப்பு குறையுமா கூடுமாங்கிறதுதான் அந்தப் பத்தோட சாரம். நான் யாருக்கும் ஃபார்ம் குடுக்குறதில்ல. "உன் ஃப்ரெண்டு இதே நிலைமையில இருந்து சார்கிட்ட போனான்னா அவனை மட்டமா நினைப்பியா"ன்னு கேப்பேன். சே இல்ல சார்ன்னு பட்டுனு வரும். அப்ப உனக்கு மட்டும் ஏன்டா தனிச் சட்டம்னு கேட்டா கொஞ்ச நேரம் பேச்சு இருக்காது. அந்த அமைதியில நீங்க குறுக்க பேசாம இருக்கணும், டீச்சர்களுக்கு அதுதான் கஷ்டம்.

ரெண்டாவது: நம்ம வாயைக் கழுவணும்

இதுகூட தெரியாதா, பிளஸ் டூ எப்படி பாஸ் பண்ண, இதெல்லாம் கிளாஸ்ல ஒரு தடவ சொன்னாப் போதும், அறுபது பேர் வாயைப் பூட்டியாச்சு. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், இதைவிட மோசமானது நம்ம ஊரு ஜோக்குக. கொஞ்சம் சோர்ந்து உக்காந்திருந்தா ஏர்வாடிக்கு அனுப்பிருவோமான்னு கேக்குறது, பாண்டி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் மந்திரிங்கடான்னு சிரிக்கிறது. 2001 ஆகஸ்ட் 6ல அந்த ஏர்வாடியில, நம்மகிட்ட இருந்து ரெண்டு மூணு மணி நேரத் தூரத்துல, சங்கிலியால கட்டிப் போட்டிருந்த மனநோயாளிக 28 பேர் கொட்டகை தீப்பிடிச்சு ஓட வழியில்லாம செத்துப் போனாங்க. இன்னைக்கு காலேஜ் படிக்கிற பிள்ளைக அப்பப் பொறக்கக் கூட இல்ல, ஆனா ஜோக்கு மட்டும் அவங்க வாய்க்கு வந்து சேர்ந்துருச்சு. நான் வருஷா வருஷம் முதல் வாரத்துல இந்த விஷயத்தை ஒரே ஒரு தடவ சொல்லுவேன், திட்டாம வையாம என்ன நடந்துச்சுன்னு மட்டும். அதுக்கப்புறம் என் கிளாஸ்ல அந்த ஜோக்கைக் கேட்டதில்ல, கேன்டீன்ல என்ன பேசுறாங்களோ எனக்குத் தெரியாது.

அதோட நீங்க கேட்ட உதவியை நீங்களே வெளிய சொல்லுங்க. நான் என் ஸ்டாட்ஸ் அரியர் கதையைச் சொல்லுவேன். ஆனா ஒரு எச்சரிக்கை, ஜெயிச்ச கதையா சொல்லாதீங்க, நான் எப்படி உழைச்சு முன்னேறுனேன் பாத்தியான்னு போச்சுன்னா அது அறிவுரை ஆயிரும், பிள்ளைக காதை மூடிருவாங்க. நாலாவது தடவ யார்கிட்ட போனேன், என்ன வார்த்தை சொல்லிக் கேட்டேன், எவ்வளவு வேர்த்துச்சு, அது மட்டும் போதும்.

மூணாவது: கேக்காமலே வர்ற மாதிரி வைங்க, ரோல் நம்பர் படி பத்து நிமிஷம்

என் அனுபவத்துல எல்லாத்தையும் விட பலன் குடுத்தது இதுதான், அதனால கொஞ்சம் விரிவா. பிரச்சனை உள்ளவங்க வந்து பாருங்கன்னு நோட்டீஸ் ஒட்டுனா ஒருத்தனும் வரமாட்டான், வந்தா அவன் பிரச்சனை உள்ளவன்னு ஆயிருமே. அதனால எல்லாரையும் கூப்பிடுங்க, ரோல் நம்பர் வரிசையில ஆளுக்குப் பத்து நிமிஷம். அறுபது பேருக்கு பத்து மணி நேரம், வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் ஒதுக்குனா அஞ்சு வாரத்துல முடிஞ்சிரும். கோல்டு மெடல் வாங்கப் போற பொண்ணும் வருவா, அரியர் பையனும் வருவான், வெளிய நிக்கிறவனுக்கு யாரு எதுக்குப் போனாங்கன்னு தெரியாது. ரேஷன் கடை வரிசை மாதிரி, நம்பர் வந்தா போகணும்.

இடம் முக்கியம். ஸ்டாஃப் ரூம் வேண்டவே வேண்டாம், அங்க ஒரு மேசைக்கு நாலு காது. நான் லேப் பக்கத்து வராண்டாவுல வேப்பமரத்தைப் பாத்து ரெண்டு சேர் போட்டுக்குவேன், எதிரெதிர போடாம பக்கத்துப் பக்கத்துல, மூஞ்சியப் பாத்துப் பேசவேண்டியதில்லைன்னாலே பசங்களுக்கு பாதி வாய் திறந்துக்கும். பொண்ணுகளை நாலு பேரு கண்ணுல படுற, ஆனா காதுல விழாத இடத்துலதான் உக்கார வைக்கணும், இது அவங்களுக்கும் நல்லது உங்களுக்கும் நல்லது.

என்ன கேக்குறது? ஏதாவது பிரச்சனையான்னு மட்டும் கேக்காதீங்க, இல்ல சார்ன்னு வர்றதுக்குன்னே அந்தக் கேள்வி பொறந்திருக்கு. காலையில எத்தனை மணி பஸ்ஸு? மத்தியானம் என்ன சாப்பிட்ட? ராத்திரி எத்தனை மணிக்கு கண்ணு சொருகும்? எந்த பேப்பரைப் பாத்தா எரிச்சலா வருது? வீட்டுல யாரு யாரு வேலைக்குப் போறாங்க? சோழவந்தான்ல இருந்து வர்ற ஒரு பொண்ணு வெள்ளனே அஞ்சரைக்கு கிளம்புறேன்னுச்சு, ஏன்மா அம்புட்டு சீக்கிரம்னா அம்மாவோட பூக்கட்டிக் குடுத்துட்டு வர்றேன் சார்ன்னுச்சு. கிளாஸ்ல தூங்குறான்னு அந்தப் பிள்ளைய அதுவரைக்கும் ரெண்டு தடவ வெளிய நிப்பாட்டிருந்தேன்.

சொன்னதை அங்கயே தீர்க்க அவசரப்படாதீங்க. அடுத்த தடவ அந்தப் பஸ்ஸு நம்பர் உங்களுக்கு ஞாபகம் இருந்தாலே போதும்.

நாலாவது: பத்திரிக்கை மாதிரி ஒரு வாக்கியம் கையில குடுங்க

செய்முறைக்கு பத்திரிக்கை இருக்குற மாதிரி கேக்குறதுக்கும் அச்சடிச்ச மாதிரி ஒரு வாக்கியம் இருந்தா பாதிக் கூச்சம் போயிரும். பிள்ளைக நினைக்கிறது என்னன்னா உதவி கேக்குறதுன்னா தன் கதை மொத்தத்தையும் கொட்டணும்னு. வேண்டியதே இல்ல. சார் எனக்கு ஸ்டாட்ஸே வரலைங்கிறது மலை, இந்த மூணாவது கணக்குல ரெண்டாவது வரி எப்படி வந்துச்சு சார்ங்கிறது கூழாங்கல்லு. வீட்டுல கஷ்டம் ஃபீஸ் கட்ட முடியலைன்னு சொல்ல தொண்டை அடைக்கும், ரெண்டு தவணையா கட்ட யாரைப் பாக்கணும் சார்ன்னு கேக்க அடைக்காது. மனசு விஷயத்துலயும் அப்படியே, எனக்கு டிப்ரெஷன்னு அவனே பேரு வச்சுக்கிட்டு வரவேண்டியதில்ல, ரெண்டு வாரமா தூக்கம் வரல சார், அதுக்கு மேல ஒரு வார்த்தை தேவையில்ல. வாயில வரலைன்னா வாட்ஸ்அப்ல டைப் பண்ணி அனுப்பட்டும், தமிழ்லயோ தங்கிலீஷ்லயோ. நேர்ல சொல்றதுதான் மரியாதைன்னு நாம பிடிவாதம் பிடிக்க இது ஒண்ணும் பொண்ணு கேக்கப் போற விஷயம் இல்ல.

ரெண்டு பேரா உக்கார வச்சு சொல்லிப் பாக்கச் சொல்லுங்க, சிரிப்பாங்க, சிரிக்கட்டும். அந்த வாக்கியம் ஒரு தடவ வாய்க்குப் பழகணும்.

மறுத்துட்டா என்ன பண்றதுன்னு கேப்பாங்க. இதுக்கு ஒரு நல்ல சோதனை இருக்கு. 2008ல ஃபிளின், லேக்னு ரெண்டு பேரு வெளியிட்ட ஆராய்ச்சியில, முன்னப்பின்ன தெரியாத 5 பேர்கிட்ட ஒரு கேள்வித்தாளை நிரப்பி வாங்கணும்னா எத்தனை பேர்கிட்ட கேக்க வேண்டியிருக்கும்னு மாணவர்களை முன்கூட்டியே ஊகிக்கச் சொன்னாங்க. கிட்டத்தட்ட 20 பேர்னு நினைச்சாங்க, நிஜத்துல 10 பேரு சுமாருக்கு முடிஞ்சிருச்சு. நாம நினைக்கிறதுல பாதிப் பேர்கிட்ட கேட்டாலே போதும். என் பசங்களை இதையே பெரியார் பஸ் ஸ்டாண்டுல பண்ணச் சொன்னேன், தெரியாத ஆள்கிட்ட வழி கேட்டுட்டு வாங்கடான்னு. மதுரையில வழி கேட்டுப் பாருங்க, சொல்றதோட விடமாட்டாங்க, கூடவே வந்து ஷேர் ஆட்டோவுல ஏத்திவிட்டுட்டு எந்த ஊருப்பா நீயின்னு விசாரிச்சுட்டுத்தான் போவாங்க. ஒருத்தன் வழி கேக்கப் போய் பருத்திப்பால் குடிச்சிட்டு வந்தான்.

பிள்ளைக்குப் பிள்ளை வெக்கம் வேற

பசங்களுக்கு கெத்து. கூட்டத்துல வச்சு நல்லதுக்குக் கேட்டாலும் ரோஷம் வந்துரும், தனியா, ஒரு வேலை குடுத்துக்கிட்டே பேசணும், இந்த பெஞ்சைப் பிடிப்பான்னு சொல்லி நகத்திக்கிட்டே கேளுங்க. அரசுப் பள்ளிக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுல எஞ்சினியரிங், மெடிக்கல் போன பிள்ளைகளுக்கு இன்னொரு சுமை இருக்கு. அந்த 7.5ங்கிறதையே பட்டப்பேராக்கிக் கூப்பிடுற கிளாஸ் இருக்கு, அதனால ஒரு டவுட்டு கேட்டாலும் பாத்தியா அதான் வரலைன்னு நிரூபிச்ச மாதிரி ஆயிருமோன்னு மூச்சே விடமாட்டாங்க. தமிழ் மீடியத்துல படிச்சவங்க கேள்வியை இங்கிலீஷ்ல மாத்துறதுக்குள்ள கிளாஸ் முடிஞ்சிரும், தமிழ்லயே கேளுன்னு ஒரு தடவ சொல்லாம ஒவ்வொரு பீரியடும் சொல்லணும்.

பொண்ணுக விஷயத்துல நாம ஒரு தப்பு பண்றோம். வீட்டுக்குத் தெரிஞ்சா படிப்பை நிறுத்தி கல்யாணம் பண்ணி வச்சிருவாங்கன்னு ஒரு பொண்ணு பயந்தா அதுக்குப் பேரு கூச்சம் இல்ல, அது நிஜமான ஆபத்து. அங்க போய் வெக்கப்படாதம்மான்னு சொல்றது மடத்தனம். யாருக்கு போன் போகும், யாருக்குப் போகாது, எந்த நேரத்துல கவுன்சிலரைப் பாத்தா பஸ்ஸு தப்பாதுன்னு கூட உக்காந்து திட்டம் போடணும்.

அஞ்சாவது: கூட நடங்க

போய்ப் பாரு போய்ப் பாருன்னு சொன்னா போகமாட்டாங்க, வா போவோம்னா வருவாங்க. உங்க காலேஜ்ல கவுன்சிலர் இருக்காங்களான்னு முதல்ல பாருங்க, 100 பேரு அதுக்கு மேல படிக்கிற நிறுவனம்னா தகுதியுள்ள ஒரு கவுன்சிலராவது இருக்கணும்னு 2025 ஜூலையில சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருக்கு, இல்லைன்னா கேக்குறதுக்கு உங்களுக்கு ஒரு பிடி இருக்கு. நேர்ல வரக் கூச்சமா, 14416க்கு போன் போடச் சொல்லுங்க. டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல போன் உதவி, 2022 அக்டோபர்ல இருந்து ஓடுது, இருபத்தி நாலு மணி நேரமும், காசு இல்ல, தமிழ்லயே பேசலாம். 104லயும் பேசலாம். நீங்க ஒரு தடவ போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க, என்ன கேப்பாங்கன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டு சொன்னா அது வேற மாதிரி இருக்கும்.

டாக்டரைப் பாக்கணும்னா பனகல் ரோட்டுல பெரியாஸ்பத்திரி, அரசு ராஜாஜி மருத்துவமனை, அங்க மனநலப் பிரிவு இருக்கு, ஓ.பி. சீட்டுக்கு காசு கிடையாது. காலையிலேயே போயிருங்க, கூட்டம் இருக்கும். தெரிஞ்சவங்க யாராவது பாத்துருவாங்களோன்னு பயப்படுவாங்க, பெரியாஸ்பத்திரிக்கு காய்ச்சல்ல இருந்து கண்ணு வரைக்கும் ஆயிரம் காரணத்துக்கு ஆளுக வருது, யாரு எதுக்கு வந்தாங்கன்னு எவனுக்குத் தெரியும். கே.கே.நகர்ல எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992ல இருந்து மதுரையில மனநல வேலை பாக்குறாங்க. சைக்கியாட்ரிஸ்ட்னா எம்.பி.பி.எஸ். முடிச்சு மனநலத்துல மேல படிச்ச டாக்டர், மாத்திரை எழுதுவாங்க. சைக்காலஜிஸ்ட், கவுன்சிலர் எல்லாம் பேசித்தான் சரிபண்ணுவாங்க, மாத்திரை எழுதமாட்டாங்க. இந்த வித்தியாசம் தெரியாமலே மாத்திரை குடுத்து தூங்க வச்சிருவாங்கன்னு பயந்து போகாதவங்க நிறைய.

அடுத்த பயம் வேலைக்குப் போறப்ப தெரிஞ்சிருமோங்கிறது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி சிகிச்சை விவரத்தை ரகசியமா வைக்கிறது நோயாளியோட உரிமை, உயிராபத்து மாதிரி சில காரணம் தவிர சம்மதம் இல்லாம வெளிய குடுக்கக் கூடாது. ஆனா ஃபர்ஸ்ட் இயர்ல பாதிப் பேருக்கு பதினேழுதான் ஆகும், பதினெட்டு முடியாத பிள்ளைன்னா ஆஸ்பத்திரி சிகிச்சையில பெத்தவங்களோ கார்டியனோ வருவாங்க, அதை மறைக்காம முன்னாடியே சொல்லிருங்க. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு அப்புறம் சொன்னீங்கன்னா அந்தப் பிள்ளை ஜென்மத்துக்கும் யார்கிட்டயும் கேக்காது.

சாகுறது பத்திப் பேச்சு வந்தா, இல்ல அப்படி உங்களுக்குத் தோணுனாலே, நேரடியா கேளுங்க, செத்துரலாம்னு தோணுதான்னு. கேட்டா அந்த எண்ணத்தை நாமளே விதைச்ச மாதிரி ஆயிரும்னு ஊர்ல சொல்றது தப்பு, கேட்டா அவங்களுக்கு இறக்கி வைக்க ஒரு இடம் கிடைக்கும். ஆமாங்கிற மாதிரி இருந்தா தனியா விடாதீங்க, ஹாஸ்டல் ரூம்ல பூச்சி மருந்து, மாத்திரை எது இருந்தாலும் எடுத்துருங்க, கூடவே இருந்து பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, அவசரம்னா 108. கேஸ் ஆயிருமேன்னு தயங்குறவங்களுக்கு, அதே 2017 சட்டம் தற்கொலைக்கு முயற்சி பண்ணுனவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்ததாதான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுது. இந்த இடத்துல மட்டும் கூச்சத்தை மதிக்க வேண்டியதில்ல, உயிர் இருந்தா கோவிச்சுக்கட்டும்.

ஆறாவது: திருப்பிச் செய்ய வழி விடுங்க

வாங்கிட்டே இருந்தா நம்ம ஊருப் பிள்ளைக்கு சோறு இறங்காது, செய்முறை நோட்டுல பேரு ஏறிருச்சுன்னா திருப்பி எழுதுற வரைக்கும் தூக்கம் வராத வம்சம். அதனால ஒவ்வொருத்தன்கிட்டயும் பதிலுக்கு எதையாவது வாங்குங்க, உங்களுக்கில்ல, கீழ வர்ற ஜூனியருக்கு. ஒரு கணக்கு சொல்லிக் குடு, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் நிரப்பிக் குடு, ஓ.பி. சீட்டு எங்க வாங்கணும்னு காட்டு. முதல்ல சொன்னேன்ல பேரையூர் பையன், கூழாங்கல்லுல இருந்து ஆரம்பிச்சு அந்த பேப்பரை முப்பத்தெட்டுல இருந்து நாப்பத்தொண்ணுக்கு இழுத்து எப்படியோ பாஸ் பண்ணிட்டான், பெரிய மார்க் ஒண்ணும் இல்ல. இப்ப ஃபர்ஸ்ட் இயர் பசங்க ரெண்டு பேரு அவன்கிட்ட போறாங்க. சார் அவனுக ஒண்ணுமே கேக்க மாட்டேங்கிறானுக சார், எரிச்சலா இருக்குன்னு என்கிட்டயே வந்து சொல்றான்.

இன்னொரு விஷயம் எழுத மறந்துட்டேன். ரோல் நம்பர் படி கூப்பிடுறப்ப கடைசி இருபது பேரு எப்பவும் பரீட்சை நேரத்துல மாட்டிக்குவாங்க, பத்து நிமிஷம் அஞ்சாயிரும், நானும் அவசரத்துல தலையாட்டிட்டு அனுப்பிருவேன். அதுல ஒரு பொண்ணு ஏன் சார் எப்பவும் எங்களுக்கே இப்படின்னு போன வருஷம் கேட்டுருச்சு. இந்த வருஷம் அறுபதுல இருந்து ஆரம்பிச்சிருக்கேன்.